ஒரே தோட்டாவுக்கு எந்த ரைஃபிள்?

ஒவ்வொரு முறையும் கையால் ஒரே தோட்டா போட்டுச் சுடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் கையில் வந்ததும் எல்லோரும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். வால்நட் கட்டையில் ஓடும் கருவரி, பிடியில் நுணுக்கமாகக் கீறிய கட்டம், எண்ணெய் ஊறி வந்த மினுமினுப்பு. அதில் தவறே இல்லை. மனதுக்குப் பிடித்த துப்பாக்கியைத்தான் விடியற்காலையில் எழுந்து தூக்கிக்கொண்டு போகத் தோன்றும். ஆனால் நன்றாகச் செய்த ரைஃபிளுக்கும் சுமாராகச் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. குழலும் முன்கட்டையும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று. சுட்ட பிறகு காலி உறை வெளியே வரும் இடம் இன்னொன்று.

சமீபத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். சித்தப்பா மகன், முப்பது வயது, மலைச்சரிவில் நடந்தே வேட்டையாடுகிறவன். "அண்ணே, ஒரு தோட்டா போடுறதே போதும், ஆனா நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றான். இன்னொருவர் என்னைவிட மூத்த நண்பர். பரண் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் காத்திருப்பவர். இனி வேறு துப்பாக்கி வாங்குவதாக இல்லை, இதுவே கடைசி என்றார். இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. அந்த இரண்டு பதில்களுக்கும் எப்படி வந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தோட்டாவின் கணக்கு

துப்பாக்கிகளை ஒப்பிடும்போது வழக்கமாக மூன்று அல்லது ஐந்து தோட்டா சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளப்பார்கள். பின்னால் இழுத்துத் தள்ளும் தண்டால் அடுத்தடுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிளுக்கு அது சரி. ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு அது பாதிக் கேள்விதான். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த குழலிலிருந்து போகும் முதல் தோட்டா இன்றைக்கு எங்கே விழுந்ததோ, அடுத்த வாரமும் அங்கேயே விழுமா? மழை பெய்த மறுநாளும் விழுமா? இதுதான் முழுக் கேள்வி. ஏனென்றால் இரை நிற்கும்போது உங்களிடம் இருப்பது அந்த முதல் தோட்டா மட்டும்.

இதற்கு நான் செய்யும் சோதனை எளிது. ஒரே குறித்தாளை ஏழு நாள் மைதானத்துக்கு எடுத்துப் போவேன். ஒரு நாளைக்கு ஒரே தோட்டா, நூறு மீட்டரில். சுட்டுவிட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி, தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். ஏழு நாள் கழித்து அந்தத் தாள் சொல்லும் உண்மையை எந்த விளம்பரமும் சொல்லாது.

அப்படி ஒரு தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து ஓட்டைகள் ஒரு கோழிமுட்டைக்குள் அடங்கிவிடும். இரண்டு மட்டும் நான்கு விரற்கடை மேலே. காற்றா, கையா, தோட்டாவா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். தேதிகளைப் பார்த்ததும்தான் விளங்கியது. அந்த இரண்டு நாளும் வழக்கமான மணல்பை கிடைக்காமல் முன்கட்டையின் நுனியை மரச்சட்டத்தின் மேல் வைத்துச் சுட்டிருந்தேன். மற்ற நாட்களில் பை, விரலால் இழுக்கும் விசைக்குப் பக்கத்தில், கட்டையின் அடிப்பகுதியில் இருந்தது. தாங்கும் இடம் மாறியதும் கட்டை குழலை மேல்நோக்கித் தள்ளியிருக்கிறது.

போல்ட் ரைஃபிளில் கட்டை ஒரே துண்டு. அதில் குழலைத் தொடாமல் கீழே இடைவெளி விட்டுக் குடைந்துவிடலாம். ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் பெரும்பாலும் கட்டை இரண்டு துண்டு, நடுவில் இரும்புச் சட்டகம். முன்துண்டை எதிலாவது மாட்டியாக வேண்டும். குழலிலேயே திருகி மாட்டினால் நீங்கள் கட்டையை எங்கே பிடித்தாலும் அந்த அழுத்தம் குழலுக்குப் போகும். சட்டகத்திலிருந்து நீட்டிய கம்பியில் மாட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் கம்பி வளைந்தால் அதுவும் கதைதான். மரம் ஈரம் குடித்து உப்பினால் இன்னொரு கதை. நல்ல தயாரிப்பாளர் தலையை உடைத்துக்கொண்டு வேலை செய்யும் இடம் இதுதான்.

லிவர் இறக்கினால் பாளம் இறங்கும்

முதல் குடும்பம், கீழே இருக்கும் லிவரை இறக்கினால் குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் எஃகுப் பாளம் நேராகக் கீழே வழுக்கி இறங்கும் வகை. தோட்டாவைக் கையால் உள்ளே தள்ளி லிவரை மேலே இழுத்தால் பாளம் ஏறி அடைத்துக்கொள்ளும். சுடும்போது வரும் பின்விசை முழுவதையும் அந்தக் கனமான பாளம் சட்டகத்தின் இரு சுவர்களிலும் சாய்ந்து தாங்கிக்கொள்கிறது. வலிமையில் இதற்கு நிகராக வெகு சிலதான் உண்டு.

1872-இல் ஜான் ஃபார்கர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் சாயலில் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் பில் ரூகர் வடிவமைத்து 1967-இல் வெளியே வந்தது ரூகர் நம்பர் 1. கட்டை வேலையில் பேர் பெற்ற லென் பிரவுனெலின் கை அதன் மரவேலையில் தெரியும். ஊசியை அடிக்கும் சுத்தியலான குதிரை உள்ளே மறைந்திருக்கும், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி கட்டைவிரலுக்கு நேர்கீழே முதுகில் இருக்கும். இடக்கைக்காரர், வலக்கைக்காரர் இருவருக்கும் ஒன்றுபோல ஒத்துப்போகும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இது ஒன்றே இந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணம்.

இதன் பெரிய லாபம் நீளத்தில் இருக்கிறது. போல்ட் ரைஃபிளில் போல்ட் பின்னால் வந்து போகக் கூடுதல் இடம் வேண்டும். இங்கே பாளம் கீழே இறங்குவதால் அந்த இடம் தேவையில்லை. 26 அங்குலக் குழல் போட்ட நம்பர் 1-இன் மொத்த நீளம் 42 அங்குலத்துக்குச் சற்றுத்தான் மேலே. அதே நீளத்துக்குச் சாதாரண போல்ட் ரைஃபிளில் 22 அங்குலக் குழல்தான் வைக்க முடியும். அந்த நான்கு அங்குலத்தில் தோட்டாவின் வேகமும் கூடும், காதைப் பிளக்கும் சத்தம் முகத்திலிருந்து தள்ளியும் போகும். அதைவிட, கனம் முழுவதும் இரண்டு கைகளுக்கு நடுவே வந்து உட்கார்வதை ஒரு தடவை தோளுக்கு ஏற்றிப் பார்த்தாலே உணர்வீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. நம்பர் 1-ஐப் பற்றி வெகு காலமாகச் சொல்லப்படுவது, ஒன்று ஊசிமுனையாகச் சுடும், அடுத்தது மனம்போன போக்கில் சுடும் என்பது. காரணம் நாம் மேலே பார்த்த அதே முன்கட்டைக் கம்பி. குதிரையின் சுருள்வில்லும் அந்தக் கம்பியோடுதான் வேலை செய்கிறது. அதனால் அங்கே ஏற்படும் இழுவிசை, கட்டை திருகின் இறுக்கம், மரத்தின் ஈரம் எல்லாம் சேர்ந்து ஓட்டைகளை மேலும் கீழுமாக இழுக்கும். இதற்கு வைத்தியம் உண்டு. கட்டைக்கும் குழலுக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளி விடுவது, கம்பியின் நுனியில் சின்னத் திருகு வைத்துக் குழலுக்கு ஒரே அளவான அழுத்தம் கொடுப்பது, திருகை எப்போதும் ஒரே முறுக்கில் இறுக்குவது. நல்ல துப்பாக்கி ஆசாரி அரை நாளில் முடித்துவிடுவார். புதிதாக வாங்கி ஏழு நாள் தாளைப் பார்க்காமலே இதைத் தொடாதீர்கள். பாதித் துப்பாக்கிகளுக்கு இது தேவையே இருக்காது.

இன்னொன்று, குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப். நம்பர் 1-இல் ஸ்கோப் வளையங்கள் குழலின் மேலுள்ள பட்டையில்தான் மாட்டும். அது கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நீண்ட இடைவெளி கொடுக்கும் ஸ்கோப்பாகப் பார்த்து எடுக்கவில்லை என்றால், கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். பின்னுக்கு வளைந்த வளையங்கள் கிடைக்கின்றன, அவை இந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

இதே குடும்பத்தில் நம்பர் 1-க்கு மூத்தது வின்செஸ்டர் 1885. ஜான் பிரவுனிங் 1879-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 24. வின்செஸ்டர் நிறுவனம் 1883-இல் உரிமையை வாங்கி 1885 முதல் 1920 வரை செய்தது. இப்போது வருபவை ஜப்பானின் மிரோகு தொழிற்சாலை வேலை. இரும்பும் இரும்பும் சேரும் கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டாது. சட்டகச் சுவர் உயர்ந்து நிற்கும் 'ஹை வால்' பெரிய தோட்டாக்களுக்கு, தாழ்ந்த 'லோ வால்' சின்னத் தோட்டாக்களுக்கு. ஹை வாலில் 28 அங்குல எண்கோணக் குழல் போட்டவை 4 கிலோவை ஒட்டி வரும். பரணுக்கு அது வரம், ஏற்றத்துக்குப் பாரம்.

1885-இல் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. குதிரை வெளியே தெரியும். ஏற்றியிருக்கிறதா இல்லையா என்று பார்த்த உடனே தெரிவது நல்லதுதான். ஆனால் தோட்டா உள்ளே இருக்க, இரை ஓடிவிட்டதால் ஏற்றிய குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டி வரும். குளிரில் விறைத்த விரல், ஈரமான கையுறை, மேலே ஸ்கோப் மறைக்கும். அந்த நேரத்தில் நான் லிவரை இறக்கித் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத்தான் குதிரையைத் தொடுவேன். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

குழலைத் துடைப்பது பற்றி யாரும் வாங்கும் முன் கேட்பதில்லை. இறங்குபாள ரைஃபிள்களில் பின்வாயிலிருந்து நேரான கம்பி விட முடியாது, கட்டை குறுக்கே நிற்கும். குழல்முனையிலிருந்து விட்டால் முனையின் உட்புறச் சுழல்வரி தேயும், தேய்ந்தால் குறி போகும். வளையும் கயிற்றுத் துடைப்பான் போட்டு, தோட்டா உட்காரும் அறையிலிருந்து முனைக்கு இழுப்பதுதான் சரி.

நடுவில் மடங்குபவை

இரண்டாவது குடும்பம், இரட்டைக்குழல் துப்பாக்கி போல நடுவில் மடங்கி வாய் திறப்பது. இதில் இரண்டு தனி உலகங்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதுதான் குழப்பம்.

முதலாவது எளிய உலகம். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனின் ஹேண்டி ரைஃபிள் இதில் பல தலைமுறைக்கு அறிமுகம், 2015-இல் நின்றுவிட்டது. ஹென்றி நிறுவனம் 2017-இல் தன்னுடையதைக் கொண்டுவந்தது. சி.வி.ஏ. ஸ்கவுட், ஸ்பெயினின் பெர்காரா குழலோடு வருகிறது. வெளிக்குதிரை, கனத்த குழல், சிக்கனமான மரம் அல்லது பிளாஸ்டிக். முன்கட்டை குழலிலேயே ஒரு திருகால் மாட்டப்பட்டிருக்கும். ஹேண்டி ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அந்தத் திருகடியில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு, கட்டை குழலை ஒரே புள்ளியில் மட்டும் தொடும்படி செய்வார்கள். காசு செலவில்லாத அந்த வேலைக்குக் குறி நன்றாகவே கூடும். இந்த வகையை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. நூறு மீட்டருக்குள் சுடுகிறவருக்கு, முதல் துப்பாக்கி வாங்குகிற இளைஞருக்கு, இது நேர்மையான பொருள்.

தாம்சன் சென்டரின் கன்டென்டர் இரண்டு உலகத்துக்கும் இடையில் நிற்கிறது. வாரன் சென்டர் வடிவமைத்து 1967-இல் வந்தது. ஒரு அச்சாணியைத் தட்டி எடுத்தால் குழல் கழன்று வரும், வேறு அளவுக் குழலை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கன்டென்டரின் சட்டகம் .30-30 தோட்டா போன்ற மிதமான அழுத்தத்துக்குத்தான்; அழுத்தம் கூடிய .308 தோட்டாவுக்கு, பின்னால் வந்த பெரிய சட்டகமான என்கோர்தான் வேண்டும். பழைய குழல், பழைய சட்டகம் என்று சேர்த்து வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் அந்த இன்னொரு உலகம். ஜெர்மன்காரர்கள் 'கிப்லாஃப்' என்பார்கள், சாயும் குழல் என்று பொருள். ஆல்ப்ஸ் சரிவுகளில் ஷாமுவா என்ற மலையாட்டைத் தேடி நாள் முழுக்க ஏறுகிறவர்களுக்காக வளர்ந்த துப்பாக்கி. ஈஸ்னி நகரத்து பிளேசரின் கே95, சூல் நகரத்து மெர்க்கலின் கே-வரிசை, உல்ம் நகரத்து கிரீகாஃப் ஹூபர்டஸ் ஆகியவை இதில் முன்னிற்பவை. கே95-ஐ முதல் தடவை தூக்கியபோது குழந்தையின் பொம்மையைத் தூக்கியது போல இருந்தது. சுமார் இரண்டரை கிலோ. ஸ்கோப்போடு சேர்த்தால்கூடச் சாதாரண ரைஃபிளின் வெறும் எடைக்குக் கீழே. கழற்றினால் முதுகுப்பைக்குள் போய்விடும்.

எடையை விட இதில் என்னைக் கவர்ந்தது கையால் ஏற்றும் முறை. தோட்டா உள்ளே இருந்தாலும் உள்ளேயுள்ள வில்லில் இறுக்கமே இருக்காது. சுடும் நேரத்தில் மட்டும் கட்டைவிரலால் முதுகிலுள்ள தள்ளுகட்டையை முன்னே தள்ளினால்தான் வில் ஏறும். சுடவில்லை என்றால் அதைப் பின்னுக்கு விட்டால் இறங்கிவிடும். சாதாரண சேஃப்டி ஏறிய வில்லைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சரளைக்கல்லில் கால் வழுக்கி ரைஃபிளோடு உருண்டவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். நான் உருண்டிருக்கிறேன். அதனால் மலைக்குப் போகிறவனிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பூட்டும் முறையும் எளிய மடக்குகளைப் போன்றதல்ல. அவற்றில் குழலுக்கு அடியிலுள்ள கொக்கியைச் சட்டகத்திலுள்ள தாழ் பிடித்துக்கொள்ளும், பின்விசை சட்டகத்தின் முதுகுக்குப் போகும். பிளேசரில் சாயும் பாளம் ஒன்று குழலின் பின்பகுதியையே நேராகக் கவ்விக்கொள்கிறது. விசை குழலுக்கும் பாளத்துக்கும் நடுவிலேயே முடிந்துபோகிறது. ஸ்கோப்பும் குழலின் மேலேயே சேணம் போல உட்காரும். கழற்றி மாட்டினாலும் குறி அதே இடத்தில் நிற்பதை நான் ஏழு நாள் தாளில் சோதித்தேன். ஒவ்வொரு நாளும் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டித்தான் சுட்டேன். ஏழும் ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தன.

இதற்குக் கொடுக்கும் விலை உதைப்பு. ஒரே தோட்டாவுக்கு, உதைக்கும் ஆற்றல் எடை குறையக் குறையக் கூடும். 4 கிலோ ரைஃபிள் 3 கிலோ ஆனால் உதைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். இரண்டரைக் கிலோ துப்பாக்கியில், மருந்து கூடிய மேக்னம் தோட்டா போட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நான்காவது தோட்டாவிலேயே தோள் பயந்து கண் மூடிவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல குழலாக இருந்தாலும் என்ன? காசும் கணிசம். கூடவே இரண்டாவது குழல், அதற்கொரு ஸ்கோப் என்று ஆசை வளர்ந்துகொண்டே போகும். இரண்டாவது குழலை முதல் வருடம் வாங்கவே வாங்காதீர்கள்.

காலி உறை

ஒரு மாலை, வெளிச்சம் போகும் நேரம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மடக்கு ரைஃபிள், .30-06 தோட்டா. சுட்டேன், பன்றி விழுந்து மறுபடி எழுந்தது. குழலை மடக்கினேன், உறை வரவில்லை. கொக்கி அதன் பள்ளத்தைத் தாண்டி வழுக்கி விட்டிருந்தது. விரல்நகத்தால் நெம்பினேன், கத்திமுனையால் நெம்பினேன். பன்றி புதருக்குள் போய்விட்டது. ராத்திரி விளக்கோடு நாயை வைத்துத் தேடி முடித்தோம். அந்த விலங்கு பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என்ன நடந்தது என்றால், .30-06, .308 போன்றவை விளிம்பில்லாத உறைகள். அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும். போல்ட் ரைஃபிளில் போல்ட்டின் பல் அந்தப் பள்ளத்தைக் கெட்டியாகப் பிடிக்கும், கைப்பிடியைத் தூக்கும்போதே சாய்தளம் உறையை நெம்பிக் கொடுக்கும். மடக்கு ரைஃபிளில் அந்த நெம்பு குறைவு. பள்ளத்தில் நுழைய ஒரு சின்ன வில்லுக்கொக்கியைத்தான் நம்ப வேண்டும். அழுக்கு சேர்ந்தால், வில் சோர்ந்தால் வழுக்கிவிடும்.

விளிம்புள்ள உறையில் இந்தப் பேச்சே இல்லை. அடிவிளிம்பு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கொக்கி கெட்டியாகப் பிடிக்கும். ஜெர்மன் தோட்டாக்களின் பெயரில் கடைசியில் வரும் 'ஆர்' இதைத்தான் குறிக்கிறது. 7x57ஆர், 1917-இல் வில்ஹெல்ம் பிரென்னக்கே கொண்டுவந்த 7x65ஆர், கனத்த விலங்குக்கு 9.3x74ஆர். அழுத்தமும் பாருங்கள். .308-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 4150 பார், 7x57ஆர்-க்கு 3400 பார்தான். அழுத்தம் குறைந்தால் உறை அறைச்சுவரில் ஒட்டிக்கொள்வதும் குறையும், பூட்டின் தேய்மானமும் குறையும். ஆகவே மடக்கு ரைஃபிள் என்றால் விளிம்புள்ள தோட்டா, கண்ணை மூடிக்கொண்டு. உங்கள் பகுதியில் அந்தத் தோட்டா கிடைக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். கிடைக்காத தோட்டாவுக்கு ரைஃபிள் வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு.

இறங்குபாளத்தில் லிவரின் நெம்பு வலுவானது, விளிம்பில்லாத தோட்டாவையும் ஒழுங்காக வெளியே தள்ளும். நம்பர் 1-இல் உறையைத் தூக்கி எறியும் வில்லைத் தளர்த்தி, வெறுமனே வெளியே நீட்டும்படியும் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கல்லில் விழுந்து கிணுங்கும் சத்தம் இல்லை, உறையும் பைக்குள் வந்துவிடும்.

சட்டமும் தோட்டாவைத் தீர்மானிக்கும். ஜெர்மனியில் சின்ன ரோ மானுக்கு நூறு மீட்டரில் தோட்டாவுக்கு 1000 ஜூல் ஆற்றல் இருந்தால் போதும், மற்றப் பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் நூறு மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். உங்கள் நாட்டு வரம்பைப் பார்த்துவிட்டு அப்புறம் ரைஃபிளைப் பாருங்கள்.

மற்ற இரண்டு

ஒற்றைத் தோட்டா போல்ட் ரைஃபிளும் உண்டு. கூப்பர் மாடல் 21 போன்றவை. தோட்டா அடுக்கும் மேகசினுக்காக அடியில் வெட்டாததால் சட்டகம் விறைப்பாக இருக்கும், குறி அபாரம். உட்கார்ந்து தூரத்துச் சின்ன விலங்கைச் சுடுகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் நீளம் குறையாது, எடையும் அவ்வளவு குறையாது. நடந்து போகிற வேட்டைக்கு ஒற்றைத் தோட்டாவின் லாபம் எதுவும் இதில் கிடைப்பதில்லை.

ஷார்ப்ஸ் என்ற பழங்கால ரைஃபிள் மேல் எனக்கு ஆசை உண்டு, மறைக்க மாட்டேன். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848-இல் காப்புரிமை பெற்ற வேலை, 1874 மாடல் இன்றும் மொன்டானாவின் பிக் டிம்பர் ஊரில் ஷைலோ செய்கிறது, இத்தாலியில் பெடர்சோலி செய்கிறது. ஆனால் ஐந்து கிலோவைத் தொடும். தோட்டாவும் 1873-இல் பிறந்த .45-70 போன்றது என்றால், பழைய வேகத்தில் நூறு கஜத்துக்குக் குறி வைத்ததை இருநூறில் சுட்டால் சுமார் இரண்டடி கீழே போய் விழும். தூரத்தைக் கண்ணால் அளக்கப் பயின்றவருக்கு மட்டும்.

பழையது வாங்கினால்

இரண்டு குடும்பத்திலும் நல்லவை பெரும்பாலும் பழையதாகத்தான் கைக்கு வரும். முதல் வேலை, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். மடக்கு ரைஃபிள் என்றால் முன்கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் பூட்டிய நிலையில் குழலை ஒரு கையாலும் பின்கட்டையை இன்னொரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கட்டை மாட்டியிருந்தால் அது ஆட்டத்தை மறைத்துவிடும். லேசாக "டிக்" என்று விரலில் தட்டினால்கூட வேண்டாம். குழலுக்கும் சட்டகத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள், வெளிச்சம் கீறலாகத் தெரியக் கூடாது. பட்டென்று அடித்து மூடிப் பழகியவர் கையிலிருந்து வந்ததா என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

இறங்குபாளத்தில் லிவரை மெல்ல இறக்கி ஏற்றுங்கள். மணலில் உரசுவது போலக் கரகரத்தால் உள்ளே துரு. பாளத்தின் முகத்தில், ஊசி வரும் துளையைச் சுற்றிப் பாருங்கள். அரித்த வளையம் இருந்தால் அளவு மீறிய மருந்து போட்டுச் சுட்டிருக்கலாம். பின்கட்டை சட்டகத்தோடு சேரும் மணிக்கட்டுப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் விரிசலுக்குள் இறங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும்.

தம்பிக்கு மெர்க்கலோ பிளேசரோ, கையில் காசு எதற்கு ஒத்துவருகிறதோ அது, 7x57ஆர்-இல், ஒரே குழல், ஒரே ஸ்கோப் என்று சொன்னேன். "மேக்னம் வேண்டாமாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டான். வேண்டாம் என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

நண்பருக்கு நம்பர் 1, .30-06-இல். பரணில் எடை பாரமில்லை, உதைப்பு குறையும், அந்தத் தோட்டா கிடைக்காத கடை அரிது. 1885 மேல் அவருக்குக் கண் இருந்தது, ஆனால் அவர் விரல்களில் மூட்டுவலி, குதிரையை இறக்கும் வேலை ஒத்துவராது. முன்கட்டையின் முனையில் சின்ன வெட்டு வைத்த அலெக்சாண்டர் ஹென்றி வடிவத்தோடு, 22 அங்குலக் குழலில் பழையது ஒன்று கிடைத்தது. பரணின் குறுகிய இடத்துக்கு அந்தக் குழலே தோது. முதல் மூன்று நாள் தாளைக் காட்டினார், மூன்றும் நடுவில். இன்னும் நான்கு நாள் இருக்கிறது.